உலக சாம்பியன்ஷிப்புக்கு ஐஸ் ஹாக்கி அரங்கம்: மண்ணுக்கு அடியிலிருந்து முதல் விசில் வரை

பின்லாந்தில் டாம்பெரே என்று ஒரு நகரம். ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப்பை நடத்துவதற்காக 1965ல் ஹகமெட்சா என்ற அரங்கத்தைக் கட்டினார்கள். அந்த நாட்டின் முதல் உள்ளரங்கப் பனித்தளம் அதுதான். போட்டி மார்ச் மாதம் முடிந்துவிட்டது. ஆனால் இல்வெஸ், டப்பாரா என்ற உள்ளூர் கிளப்கள் இரண்டும் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே ஆடின. 2021 டிசம்பரில்தான் அதே ஊரில் நோக்கியா அரேனா திறந்தது. ரயில் தண்டவாளங்களுக்கு மேலே மேடை போட்டு, டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த கட்டடம். அடுத்த மே மாதம் அங்கே நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் பின்லாந்து கூடுதல் நேரத்தில் கனடாவை 4-3 என்று வென்றது.

இந்த வழிகாட்டியை எழுதும்போது டாம்பெரேதான் மனதில் இருந்தது. பதினேழு நாள் போட்டிக்காகக் கட்டுகிறோம். கட்டடமோ அரை நூற்றாண்டு நிற்கப்போகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவையும் இந்த இரண்டு கணக்கையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் குளிர்பதனக் கிடங்குகளுக்கு மெஷின் பொருத்தும் வேலையில் தொடங்கியவன். இப்போது கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மகள் ஹாக்கி ஆட ஆரம்பித்ததிலிருந்து காலை ஆறு மணிக்கு ரிங்க் (பனித்தளம்) வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. அதனால் மெஷின் அறைப் பக்கமும் பனித்தளப் பக்கமும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன். கட்டடத்தின் முகப்பைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதல் படி: எந்தப் போட்டி, எத்தனை அரங்கம்

ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பின் மேல்மட்டத்தில் 16 அணிகள் ஆடும். எட்டு எட்டாக இரண்டு பிரிவு. பிரிவுக்கு 28 ஆட்டம் என்று 56, அப்புறம் காலிறுதி 4, அரையிறுதி 2, வெண்கலத்துக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று. மொத்தம் 64 ஆட்டம். ஒரே அரங்கத்தில் இதை முடிக்க முடியாது. அதனால் எப்போதும் இரண்டு அரங்கம், பெரும்பாலும் இரண்டு ஊர். பிரதான அரங்கத்தில் பத்தாயிரம் இருக்கைக்குக் குறையாமல் இருப்பதுதான் இப்போதைய வழக்கம்: லாட்வியாவின் ரீகாவில் சுமார் 10,300, ஜூரிச்சின் ஸ்விஸ் லைஃப் அரேனாவில் சுமார் 12,000, பிராகின் ஓ2 அரேனாவில் 17,000க்கு மேல். இரண்டாவது அரங்கம் சின்னதாக இருக்கலாம்.

2024ல் பிராகும் ஆஸ்ட்ராவாவும் சேர்ந்து நடத்திய போட்டிக்கு 7,97,727 பேர் வந்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து எல்லா நாடும் ஆசைப்படக் கூடாது. செக் மக்களுக்கு ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். வாரநாளில் மத்தியானம் வேறு இரண்டு நாடுகள் மோதும் ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கி வருவார்கள்.

புதிதாக இறங்கும் நாடு மேல்மட்டத்தில் தொடங்க வேண்டியதில்லை. சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் கீழ்ப் பிரிவுகளுக்கும் ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது. நான்கு முதல் ஆறு அணிகள், ஒரே ரிங்க், சில ஆயிரம் இருக்கை போதும். 2017ல் கோலாலம்பூரில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் முதல்முறையாக ஐஸ் ஹாக்கியைச் சேர்த்தபோது, ஒரு வணிக வளாகத்துக்குள் அமைத்த ரிங்கில்தான் ஆடினார்கள். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரிலேயே அது முடிந்தது.

இரண்டாம் படி: போட்டி முடிந்த மறுமாதம் யார் ஆடுவார்கள்?

வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் அரங்கத்தின் ஒரு வாரக் கால அட்டவணையை எழுதுங்கள். போட்டி வாரத்தை அல்ல, அடுத்த ஆண்டு நவம்பரில் வரும் ஏதோ ஒரு சாதாரண வாரத்தை. காலை ஆறு மணிக்குச் சிறுவர் பயிற்சி, பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாலையில் கிளப் அணி, இரவு பத்துக்கு மேல் வேலை முடித்து வரும் பெரியவர்கள், சனிக்கிழமை இசை நிகழ்ச்சி. அந்தத் தாளில் பாதிக் கட்டம் காலியாக இருந்தால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள்.

நம் நாட்டில் நடந்ததையே பார்க்கலாம். 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக டேராடூனில் முழு அளவு உள்ளரங்க ரிங்க் ஒன்றைக் கட்டினார்கள். நல்ல ரிங்க். போட்டி முடிந்ததும் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் தாங்க முடியாமல் மூடிக் கிடந்தது. பத்தாண்டுக்கு மேல் கழித்து, 2025ல்தான் சீர்செய்து மறுபடி பனி போட்டார்கள். இடைப்பட்ட அந்த வருடங்களில் லடாக் பிள்ளைகள் குளம் உறையக் காத்திருந்து, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் ஆடினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஓட்டும் செலவுக்கு யார் பணம் தருவது என்பதைக் கட்டும் செலவுக்கு முன்பே எழுதி, கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: நாள் கணக்கு

சம்மேளனம் போட்டியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாட்டுக்குக் கொடுத்துவிடும். அதனால் நேரம் நிறைய இருப்பதுபோல் தோன்றும். 2003 உலக சாம்பியன்ஷிப் முதலில் செக் நாட்டுக்குத்தான் கிடைத்தது. பிராகில் புது அரங்கம் தயாராகவில்லை. பின்லாந்து 2003ஐ எடுத்துக்கொண்டது, செக் நாடு 2004க்குத் தள்ளிப்போனது. அரங்கம் 2004 மார்ச்சில் திறந்தது, ஏப்ரல் கடைசியில் போட்டி தொடங்கிவிட்டது. ரீகாவும் அப்படித்தான்: 2006 பிப்ரவரியில் திறப்பு, மே மாதம் போட்டி.

இரண்டு ஊரும் தப்பித்தன. ஆனால் அதை முன்மாதிரியாக எடுக்காதீர்கள். என் கணக்கில், போட்டிக்கு முன்னால் ஒரு முழு ஹாக்கி பருவம் அரங்கம் ஓடியிருக்க வேண்டும். கோடையின் ஈரக்காற்றையும் குளிர்காலத்தின் உலர்காற்றையும் மெஷின் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

நான்காம் படி: 26 மீட்டரா, 30 மீட்டரா

சர்வதேச ரிங்க் என்றால் நெடுங்காலமாக 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எச்எல்லின் ரிங்க் 200 அடிக்கு 85 அடி, அதாவது அகலம் 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்போது சம்மேளனம் 26 முதல் 30 மீட்டர் வரை ஒத்துக்கொள்கிறது. பெரிய போட்டிகள் குறுகலான பக்கம் போய்விட்டன. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கே குறுகலான ரிங்கில்தான் நடந்தது.

நான்கு மீட்டர் என்பது சின்ன வித்தியாசம் இல்லை. அகன்ற ரிங்கில் ஸ்கேட்டிங்குக்கு இடம் உண்டு, ஆட்டம் விரியும். குறுகிய ரிங்கில் மோதல் கூடும், கோலடிக்கும் வாய்ப்பு சீக்கிரம் சீக்கிரம் வரும். கட்டுபவர்களைப் பொறுத்தவரை 240 சதுர மீட்டர் பனி குறைகிறது, முன்வரிசை ஆட்டத்துக்கு நெருங்கி வருகிறது. புதிதாகக் கட்டினால் 26 மீட்டருக்குத்தான் என் ஓட்டு. நீளத்தில் 60 மீட்டருக்குக் குறைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: தளம்

அரங்கத்தில் பிற்பாடு திருத்தவே முடியாத பகுதி இதுதான். கூரையை மாற்றலாம், மெஷினை மாற்றலாம். கான்கிரீட்டுக்குள் புதைத்த குழாயை மாற்ற வேண்டுமானால் தளத்தையே உடைக்க வேண்டும்.

அடியிலிருந்து மேலே வருவோம். முதலில் நன்றாக இறுக்கிய ஜல்லி, மணல் படுகை. அதில் சூடான கரைசல் ஓடும் குழாய்களைப் பதிக்க வேண்டும். பனித்தளத்துக்கு அடியில் சூடு எதற்கு என்று கேட்பீர்கள். குளிர் கீழ்நோக்கியும் இறங்கும். மாதக்கணக்கில் இறங்கினால் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து, உப்பி, தளத்தை மேலே தூக்கும். தளம் வளையும், வெடிக்கும். சில மாதம் மட்டும் ஓடும் ரிங்குக்கு இது பெரிய ஆபத்து இல்லை. வருடம் முழுக்க ஓடுவதற்கு அடிச்சூடு கட்டாயம். மண்ணை உறைநிலைக்குச் சில டிகிரி மேலே வைத்திருந்தால் போதும். அதற்கு மெஷினிலிருந்து வெளியேறும் வீண் சூடே தாராளமாக வரும்.

அதன் மேல் சுமார் 100 மி.மீ. தடிமனில் வெப்பத்தடுப்புப் பலகை, ஈரம் ஏறாதபடி பிளாஸ்டிக் விரிப்பு. அப்புறம் கம்பி கட்டி, அதன் மேல் குளிர்க் குழாய்களை வரிசையாகப் பிணைத்து, 125 முதல் 150 மி.மீ. கான்கிரீட்.

குழாய் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீன் குழாய்களை 10 செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டினால், 26 மீட்டர் அகலத்துக்கு 260 வரிசை, ஒவ்வொன்றும் 60 மீட்டர். மொத்தம் 15.6 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டியைத் தாண்டிப் போகும் தூரம். அத்தனையிலும் கான்கிரீட்டுக்குள் தேவையில்லாமல் ஓர் இணைப்புகூட இருக்கக் கூடாது. இணைப்பெல்லாம் ஓரத்துக் கால்வாயில், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கான்கிரீட்டை ஒரே மூச்சில் போட வேண்டும். 60க்கு 26 மீட்டர், 15 செ.மீ. தடிமன் என்றால் 234 கன மீட்டர். ஆறு கன மீட்டர் மிக்ஸர் லாரியில் 39 லோடு, இடையில் நிற்காமல். இரண்டாக வெட்டிப் போட்டால் அந்த மூட்டில்தான் நாளைக்கு விரிசல் வரும். கான்கிரீட் விழும் நேரம் முழுக்கக் குழாய்களைக் காற்றழுத்தத்தில் வைத்திருங்கள். அழுத்தமானி அருகே ஓர் ஆளை நிறுத்துங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். யாராவது வைப்ரேட்டரால் குழாயைக் குத்திவிட்டால் முள் உடனே இறங்கும். ஈரமாக இருக்கும்போதே தோண்டிச் சரிசெய்துவிடலாம்.

மட்டம் பார்ப்பதில் மில்லிமீட்டர் கணக்கு. தளம் ஓரிடத்தில் 10 மி.மீ. தாழ்ந்திருந்தால் அங்கே பனி 10 மி.மீ. கூடுதல் தடிமனாகும். தடித்த பனி மெதுவாகக் குளிரும், அங்கே மட்டும் மேற்பரப்பு மிருதுவாகும். ஆட்டக்காரர்கள் அந்த இடத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கான்கிரீட் போட்டபின் நான்கு வாரமாவது நீர் கட்டி இறுக விடுங்கள். அதற்குப் பிறகும் ஒரேயடியாகக் குளிரேற்றக் கூடாது. நாள் நாளாகச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும்.

ஆறாம் படி: குளிர் மெஷின்

மெஷின் அறையில் உள்ள குளிரூட்டி ஓர் உப்புக் கரைசலையோ கிளைக்கால் (எளிதில் உறையாத திரவம்) கரைசலையோ மைனஸ் 9, 10 டிகிரிக்குக் குளிர்விக்கும். அந்தக் கரைசல்தான் தளத்துக் குழாய்களில் ஓடும். பனியின் மேற்பரப்பு ஹாக்கிக்கு மைனஸ் 5 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. அதைவிடச் சூடானால் பனி குழைந்து, ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டான பக் துள்ளும். மிகவும் குளிர்ந்தால் பனி கண்ணாடிபோல் நொறுங்கும், ஸ்கேட் பிடிக்காது.

சாதாரண உள்ளூர் ரிங்குக்கு 300 முதல் 350 கிலோவாட் குளிர்த்திறன் போதும். சாம்பியன்ஷிப் அரங்கத்துக்குப் போதாது. காரணம் கூட்டம். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் சூடு வெளியிடுகிறார். பத்தாயிரம் பேர் என்றால் ஒரு மெகாவாட். அதில் பெரும்பகுதியைக் காற்றுச் சாதனங்கள் பார்த்துக்கொள்ளும், மீதி பனியின் மேல் விழும். தொலைக்காட்சி விளக்குகளின் சூடும் சேரும். இவ்வளவையும் தாங்க எத்தனை கம்ப்ரஸர் வேண்டுமோ அதற்கு மேல் ஒன்று உபரியாக இருக்கட்டும். அரையிறுதி நாளில் ஒன்று நின்றாலும் ஆட்டம் நிற்கக் கூடாது.

எந்த வாயு? அம்மோனியா திறமையானது, மலிவானது, வளிமண்டலத்துக்குக் கேடில்லை. ஆனால் உயிரைக் குடிக்கும். 2017 அக்டோபர் 17 அன்று கனடாவின் ஃபெர்னி நகர அரங்கத்தில் அம்மோனியா கசிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். பழைய குளிரூட்டியில் கசிவு, அது கரைசலில் கலந்திருந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, எந்த ரிங்குக்குப் போனாலும் மெஷின் அறைக் கதவைப் பார்க்காமல் நான் உள்ளே போவதில்லை.

அம்மோனியா வைத்தால் அதை மெஷின் அறைக்குள்ளேயே அடக்குங்கள், பார்வையாளர் பக்கம் கரைசல் மட்டும் போகட்டும். அறைக்கு நேராக வெளியே திறக்கும் கதவு, வாயு கண்டறியும் கருவி, தானே ஓடும் பெரிய விசிறி, கதவுக்கு வெளியே நிறுத்தும் பொத்தான், இவை நான்கும் இல்லாமல் மெஷினை ஓட்ட விடாதீர்கள். கரைசலில் அம்மோனியா கலந்திருக்கிறதா என்று மாதாமாதம் சோதியுங்கள். கலந்தது தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள், பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு வழி கார்பன் டை ஆக்சைடு. அழுத்தம் மிக அதிகம், அதனால் குழாயும் வால்வும் விலை கூடும். ஆனால் வெளிவரும் சூடு நல்ல உயர் வெப்பநிலையில் கிடைப்பதால் குளியலறைத் தண்ணீர், அறைச் சூடு, தளத்தின் அடிச்சூடு, சீர்செய்யும் வண்டி கொட்டும் பனித்தூளை உருக்கும் குழி எல்லாவற்றுக்கும் அதையே ஓட்டலாம். குளிர் நாட்டில் புது அரங்கம் என்றால் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். வெப்பமண்டலத்தில் அதன் திறன் குறையும், அங்கே அம்மோனியாவே பொருத்தம்.

ஏழாம் படி: கூரையும் காற்றும்

என் மகள் ஆடிய ஒரு பழைய ரிங்கில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று மழை ஓய்ந்த வசந்தகாலக் காலை. பனியின் மேல் ஆங்காங்கே பொத்தான் அளவில் மேடுகள். குனிந்து தொட்டுப் பார்த்தேன், அம்மைக் கொப்புளம்போல வழவழவென்று இருந்தன. மேலே பார்த்தால் இரும்பு உத்திரத்தின் அடியில் வரிசையாக நீர்முத்துக்கள். சொட்டு விழுகிறது, விழுந்த இடத்தில் உறைகிறது. பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை அதில் தடுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். மெஷினில் கோளாறே இல்லை. காற்றில் இருந்த ஈரம்தான் காரணம்.

பனித்தளம் கீழிருந்து மேலே கதிர்வீச்சாகக் குளிரை வீசிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னால் கூரை தன் சூட்டைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் தான் குளிர்கிறது. குளிர்ந்த உத்திரத்தில் ஈரக்காற்று பட்டால் வேர்க்கும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பது போலத்தான். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, ரிங்குக்கு மேலே உள்ள உட்கூரைக்கு அலுமினியப் பரப்புள்ள விரிப்பு. அது கதிர்வீச்சைக் குறைக்கும். பனியின் சூட்டுச் சுமையும் குறையும், கூரை வேர்ப்பதும் நிற்கும். இரண்டு, காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் உலர்த்தி.

உலர்த்தியின் அளவைக் கூட்டத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஓர் ஆளின் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 40, 50 கிராம் ஈரம் வரும். பத்தாயிரம் பேருக்கு மணிக்கு 400 முதல் 500 லிட்டர். மே மாத ஈரக்காற்றும் வாசல் வழியே உள்ளே வரும். உலக சாம்பியன்ஷிப் மே மாதத்தில் நடப்பதால்தான் இது இவ்வளவு பெரிய விஷயம். ஜனவரியில் பிரமாதமாக ஓடிய அரங்கம் மே மாதம் மூடுபனி கட்டி நிற்கும். வாசல்களுக்கு இரட்டைக் கதவு வையுங்கள், உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடவே இருக்கட்டும்.

எட்டாம் படி: பலகை, கண்ணாடி, வலை

ரிங்கைச் சுற்றிய பலகை பனியிலிருந்து 107 செ.மீ. உயரம். அதற்கு மேல் பக்கவாட்டில் 180 செ.மீ., கோல்களுக்குப் பின்னால் 240 செ.மீ. பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, வளைந்து கொடுக்கும் அக்ரிலிக்தான் நல்லது. பலகையும் அடி வாங்கினால் பின்னே போய்த் திரும்பும் வகையாக இருக்க வேண்டும். நூறு கிலோ ஆள் முழு வேகத்தில் தோளை இடிக்கும்போது, அசையாத சுவருக்கும் சில சென்டிமீட்டர் கொடுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் மூளை அதிர்ச்சியில் தெரியும். இந்த இடத்தில் ஒரு காசுகூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

கோல்களுக்குப் பின்னால் வலை. பக் சுமார் 160 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர், அடி நன்றாக விழுந்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். 2002 மார்ச்சில் அமெரிக்காவின் கொலம்பஸில் பார்வையாளர் பகுதியில் இருந்த 13 வயதுச் சிறுமி பக் பட்டு இறந்தாள். அதன் பிறகுதான் என்எச்எல் அரங்கங்கள் எல்லாவற்றிலும் வலை கட்டாயமானது. பார்வையை மறைக்கிறது என்று யாராவது குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: இருக்கை, அறை, மின்சாரம்

இருக்கை வரிசைகள் செங்குத்தாக ஏற வேண்டும். பலகை 107 செ.மீ. மறைப்பதால், சரிவு தட்டையாக இருந்தால் உங்களுக்கு அருகில் உள்ள பலகையோரத்தில் நடப்பது உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். நல்ல அரங்கத்தில் கடைசி வரிசையிலிருந்தும் அருகாமைப் பலகையோரம் தெரியும்.

அறைகள்தான் பலர் கோட்டைவிடும் இடம். ஓர் அரங்கத்துக்கு எட்டு அணிகள், ஒவ்வொரு அணியிலும் 25 ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மூட்டைத் தளவாடம். இரண்டு வாரம் அந்த அறை அவர்களுடையது, ஆட்டத்துக்கு ஆட்டம் காலி செய்யச் சொல்ல முடியாது. எட்டு உடைமாற்று அறை, கையுறையும் ஷூவும் காயும் சூடான அறை, ஸ்கேட் கூர் தீட்டும் இடம், நடுவர் அறை, ஊக்கமருந்துச் சோதனை அறை, மருத்துவ அறை, வீடியோ நடுவர் அறை. எட்டையும் நிரந்தரமாகக் கட்டினால் போட்டிக்குப் பிறகு வீணாகும். நான்கை நிரந்தரமாகக் கட்டி, மற்ற நான்குக்குத் தண்ணீர், கழிவு, மின் இணைப்பை மட்டும் வாகன நிறுத்தத்தில் தயாராக வைத்துத் தற்காலிக அறை போடலாம்.

பயிற்சிக்கு இன்னொரு ரிங்க் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இதுதான் போட்டிக்குப் பிறகு ஊருக்கு நிஜமாகப் பயன்படும் சொத்து. 2021ல் ரீகாவோடு சேர்ந்து நடத்தவிருந்த பெலாரஸின் மின்ஸ்கிடமிருந்து போட்டியைத் திரும்ப எடுத்தபோது ரீகா ஒரே ஊராக முழுப் போட்டியையும் நடத்தியது. பக்கத்திலிருந்த ஒலிம்பிக் விளையாட்டு மையத்துக்குள் தற்காலிகப் பனித்தளம் போட்டு, அதையே இரண்டாவது அரங்கமாக்கினார்கள்.

மின்சாரம் இரண்டு வெவ்வேறு துணைமின் நிலையங்களிலிருந்து வரட்டும், ஜெனரேட்டரும் இருக்கட்டும். விளக்கு 1,500 லக்ஸுக்கு மேல், பனியில் கண்கூசாத கோணத்தில்.

பத்தாம் படி: பனி போடுவது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒரு முறை உள்ளூர் ரிங்கில் இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். தளம் குளிர்ந்து வெள்ளைப் பூஞ்சைபோல உறைபனி பூத்திருந்தது. பனிக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், நீண்ட கோலில் துளையிட்ட குழாயை மாட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். தண்ணீர் ஊற்றவில்லை, தூவினார். கோலப்பொடி தூவும்போது விரல் எப்படி ஒரே சீராகப் போகுமோ அப்படி. அவர் அடுத்த முனைக்குப் போவதற்குள் முதல் முனை உறைந்துவிட்டிருந்தது.

தண்ணீரை ஒரேயடியாகத் தேக்கினால் உள்ளே காற்றுக்குமிழி சிக்கும், பனி அடுக்கு அடுக்காகப் பெயரும். அதனால் மெல்லிய பூச்சாகப் பல தடவை. முதல் சில மில்லிமீட்டர் உறைந்ததும் வெள்ளை வண்ணம், ஏனென்றால் பனிக்கு நிறம் கிடையாது, வெள்ளை அடிக்காவிட்டால் சாம்பல் நிறக் கான்கிரீட்தான் தெரியும். அதன் மேல் மெல்லிய பூச்சு. பிறகு நூல் பிடித்துக் கோடுகள்: நடுவில் சிவப்பு, இரு பக்கமும் நீலம், மூன்றும் 30 செ.மீ. அகலம். கோல் கோடு 5 செ.மீ. வட்டங்கள், விளம்பரச் சின்னங்கள். மறுபடி பூச்சு, பூச்சு, பூச்சு.

மொத்தத் தடிமன் 30 மி.மீ. அளவில் நிறுத்துங்கள். 60க்கு 26 மீட்டருக்கு அது சுமார் 43,000 லிட்டர் தண்ணீர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் ஏறத்தாழ நான்கு லோடு. இவ்வளவுதான், பத்தாயிரம் பேர் பார்க்க வருவது இந்த நான்கு லாரித் தண்ணீரைத்தான். அதனால் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும். உப்புக் கூடிய நீர் உறைந்தால் பனி மங்கும், மிருதுவாகும். ஆர்.ஓ. நீர் நல்லது.

ஆட்ட இடைவேளையில் பனியைச் சீர்செய்யும் வண்டி, கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் சேம்பொனி 1949ல் உருவாக்கியது, இன்றும் அதே தத்துவம்தான். கத்தி மேல்தோலைச் சீவும், தூளை அள்ளும், பின்னால் துணி சுடுதண்ணீரைப் பூசும். சுடுதண்ணீர் கீறலை உருக்கி ஒட்டிக்கொள்ளும், அதில் காற்றும் குறைவு. இடைவேளை 15 நிமிடம்தான். உறைய நேரம் விட வேண்டும் என்பதால் பெரிய அரங்கத்தில் இரண்டு வண்டி சேர்ந்து ஓடும். மூன்றாவதை ஓரத்தில் தயாராக வையுங்கள்.

பதினொன்றாம் படி: முழுக் கூட்டத்தோடு சோதனை

காலி அரங்கத்தில் அழகாக இருக்கும் பனியை நம்பாதீர்கள். டிக்கெட் இலவசமாகக் கொடுத்தாவது அரங்கத்தை நிரப்பி, ஒரே நாளில் மூன்று ஆட்டம் நடத்திப் பாருங்கள். உலக சாம்பியன்ஷிப்பின் வார இறுதி நாட்களில் அப்படித்தான் வரும்: மத்தியானம் ஒன்று, மாலை ஒன்று, இரவு ஒன்று. மூன்றாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பனியின் வெப்பநிலை எவ்வளவு, கண்ணாடியில் ஆவி படிகிறதா, பலகையோரம் குழைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கோல்காரர் நிற்கும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். அவர்கள் ஓயாமல் காலால் தேய்ப்பதால் அங்கேதான் முதலில் குழி விழும்.

ஆட்டக்காரர்களிடம் கேளுங்கள். நூறு உணரி சொல்லாததை ஒரு பழைய தடுப்பாட்டக்காரர் இரண்டு சுற்று ஓடிவிட்டுச் சொல்லிவிடுவார்.

பன்னிரண்டாம் படி: பதினேழு நாளும் அதற்குப் பிறகும்

போட்டி நாட்களில் இரண்டே அதிகாரம் பனிக்காரர் கையில் இருக்க வேண்டும்: வெப்பநிலையைக் கூட்டிக் குறைப்பது, பனி தயாராகவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்தி வைப்பது. தொலைக்காட்சி நேரம், விழா, விளம்பரம் எதுவும் அவருக்கு மேலே போகக் கூடாது. கூட்டம் நுழைவதற்குச் சில மணி நேரம் முன்பே கரைசலை ஒன்றிரண்டு டிகிரி கூடக் குளிர்விப்பது அவர் வழக்கம், அதைத் தடுக்காதீர்கள்.

இசை நிகழ்ச்சிக்கோ கூடைப்பந்துக்கோ அரங்கத்தை மாற்றும்போது பனியை உருக்க வேண்டாம், வெப்பத்தடுப்புப் பலகைகளை மேலே விரித்தால் போதும். அந்தப் பலகைகளை அடுக்கி வைக்க இடம் விட்டிருக்கிறீர்களா என்று வரைபடத்தில் இன்றே பாருங்கள்.

பருவம் முடிந்து பனியை எடுக்கும் நாள் வரும்போது அவசரம் வேண்டாம். முதலில் கரைசல் ஓட்டத்தை நிறுத்தி, மெல்லச் சூடேற்றி, பனி தளத்தை விட்டு விலகியதும் பலகையாகப் பெயர்த்துத் தள்ளுங்கள். வண்ணம் கலந்த அந்தப் பனி சாதாரண மழைநீர்க் கால்வாய்க்குப் போகக் கூடாது, உருக்கும் குழிக்குத்தான். தளம் காய இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு வெறுங்காலோடு அதன் மேல் நடந்து, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மீட்டராகப் பாருங்கள். கண்டதைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தை அளந்து பார்க்க வேண்டும்.